தெரிந்த ஆங்கிலச் சொல் பேசும்போது மட்டும் ஏன் வருவதில்லை?

‘அட்வான்ஸ்டு வொக்காபுலரி’ என்று தேடினால் ஒரே மாதிரியான பட்டியல்கள்தான் வந்து விழும். ‘வெரி ஹேப்பி’ என்று சொல்லாதீர்கள், ‘எக்ஸ்டேட்டிக்’ என்று சொல்லுங்கள். ‘வெரி ஆங்ரி’ வேண்டாம், ‘ஃப்யூரியஸ்’ என்று சொல்லுங்கள். இப்படி ஐம்பது, நூறு. இவற்றை உட்கார்ந்து மனப்பாடம் செய்பவர்களும் ஏராளம். ஆனால் ஒரு கூட்டத்திலோ நேர்காணலிலோ வாயைத் திறக்கும்போது அந்த நூறில் ஒன்றுகூட எட்டிப்பார்க்காது. பழைய ‘வெரி குட்’, ‘நைஸ்’ இரண்டும்தான் வரும். சில நேரம் புதுச்சொல் வந்துவிடும், ஆனால் இடத்துக்குப் பொருந்தாமல் வரும். அது இன்னும் சங்கடம்.

இதற்கு நினைவாற்றலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு சொல் ‘தெரியும்’ என்று நாம் சொல்லும்போது அதற்குள் பல தனித்தனி திறமைகள் இருக்கின்றன. பட்டியல்கள் அவற்றில் ஒன்றை மட்டும் கற்றுத் தருகின்றன, பேச்சுக்கோ மற்றவைதான் அதிகம் வேண்டும். அவை என்னென்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எத்தனை சொற்கள்தான் வேண்டும்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தது. 20 தொகுதிகள், சுமார் 2.9 லட்சம் பதிவுகள். இந்த எண்ணைக் கேட்டதும் மலைப்பு வரலாம், ஆனால் அத்தனையையும் யாரும் பயன்படுத்துவதில்லை. அவற்றில் கணிசமானவை வழக்கொழிந்தவை.

உண்மையான தேவையை அளக்க மொழியியலாளர்கள் ‘சொற்குடும்பம்’ என்ற அலகை வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். ‘டிசைட்’, ‘டிசைடட்’, ‘டிசைடிங்’ எல்லாம் ஒரே குடும்பம், ஒரே கணக்கு. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, எழுத்து ஆங்கிலத்தில் 98 சதவீதச் சொற்களைத் தெரிந்துகொள்ள 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. பேச்சு ஆங்கிலத்துக்கு 6,000 முதல் 7,000 போதும். அதிலும், மிக அதிகமாகப் புழங்கும் முதல் 3,000 குடும்பங்களும் ஆள், ஊர் போன்றவற்றின் சிறப்புப் பெயர்களும் சேர்ந்தே பேச்சின் 95 சதவீதம் அளவுக்கு வந்துவிடுகின்றன.

அப்படியென்றால், நன்றாக ஆங்கிலம் பேசுகிற ஒருவர் வாயிலிருந்து வருவதில் பெரும்பகுதி நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள்தான். அதைத்தான் நம்ப முடிவதில்லை. ‘அவர் பேசுவது ஏன் அவ்வளவு தரமாக இருக்கிறது?’ என்று கேட்டால், ‘அவருக்கு நிறைய வார்த்தை தெரியும்’ என்று சொல்லிவிடுகிறோம்.

மொழித்திறனை அளக்க ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள். இதில் ‘அட்வான்ஸ்டு’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது சி1. அந்த நிலைக்கான விளக்கத்தில் அரிய சொல், பெரிய சொல் என்ற பேச்சே முன்னால் இல்லை. சொல்லைத் தேடித் தடுமாறுவது வெளியே அதிகம் தெரியாமல், சரளமாகவும் இயல்பாகவும் பேச முடிவதுதான் சி1. ஒரு சொல் தெரியாவிட்டால் சுற்றிவளைத்து விளக்கி அந்த இடைவெளியைக் கடந்துவிட முடிவதும் அதில் சேரும். அதற்கு மேலே உள்ள சி2இல், நுட்பமான பொருள் வேறுபாடுகளைக் காட்டத் தெரிய வேண்டும் என்கிறார்கள்.

சுருக்கமாக: பேச்சில் மேல்நிலை என்பது அரிதான சொற்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. நேரத்துக்கு வருவது, பொருந்தி வருவது, வராதபோது சமாளிப்பது ஆகிய மூன்றையும் பொறுத்தது.

முகம் தெரியும், பெயர் வராது

பல வருடம் கழித்து ஒருவரை எதிரே பார்க்கிறீர்கள். முகம் உடனே தெரிந்துவிடுகிறது. எங்கே பழக்கம், எப்படிப்பட்டவர் என்பதுகூட நினைவுக்கு வருகிறது. பெயர் மட்டும் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொன்னால், ‘ஆமாம், அதேதான்!’ என்கிறீர்கள். முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பது ஒரு வேலை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பெயரை எடுத்துக் கொடுப்பது வேறு வேலை.

சொற்களிலும் இதுதான் நடக்கிறது. படிக்கும்போதோ கேட்கும்போதோ பொருள் புரிகிற சொற்களை ‘பாஸிவ் வொக்காபுலரி’ என்பார்கள். தேவைப்படும்போது நாமே எடுத்துப் பயன்படுத்தக்கூடியவை ‘ஆக்டிவ் வொக்காபுலரி’. எந்த மொழியிலும், தாய்மொழியிலும்கூட, முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் படித்தால் வளர்வது முதலாவது. நாம் எதிர்பார்ப்பதோ இரண்டாவது.

பேச்சில் இந்த இடைவெளி இவ்வளவு வலிக்கக் காரணம் நேரம். எழுதும்போது ஒரு சொல்லுக்காக ஐந்து நிமிடம் யோசிக்கலாம், யாருக்கும் தெரியாது. பேசும்போது நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் போகின்றன. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே உள்ள சராசரி இடைவெளி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் ஒரு படத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால், நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கவே ஒரு மனிதருக்குச் சுமார் 0.6 நொடி ஆகிறது. அதாவது, எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் தயாராகத் தொடங்கிவிட வேண்டும். இரண்டாம் மொழியில் காதால் புரிந்துகொள்வதற்கே கவனம் முழுவதும் செலவாகிவிடும். தயாரிப்புக்கு மிச்சம் இருக்காது. அந்த நெருக்கடியில் மூளை எது கைக்கு அருகில் இருக்கிறதோ அதை எடுத்து நீட்டுகிறது. ‘நைஸ்’ வருவது அப்படித்தான்.

உள்ளே நடப்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் ஒரு மாதிரியாக விளக்கினார். முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று முடிவாகிறது. அடுத்து அதற்கான சொற்கள் தேர்வாகி வாக்கியமாக அமைகின்றன. கடைசியில் வாயும் நாக்கும் அதை ஒலியாக்குகின்றன. இதில் நமக்கு முக்கியமானது நடுக்கட்டம். அங்கே ஒரு சொல் ஒரே தாவலில் வருவதில்லை. முதலில் அதன் பொருளும் இலக்கணமும் கிடைக்கும், பிறகுதான் அதன் ஒலிவடிவம் கிடைக்கும்.

‘நாக்கு நுனியில் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது’ என்போமே, அது இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிலைதான். அமெரிக்க உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் 1966இல் இதை ஆராய்ந்தபோது, சொல் கிடைக்காமல் தவித்தவர்களால் அதன் முதல் எழுத்தையும் எத்தனை அசை என்பதையும் பல நேரம் சரியாகச் சொல்ல முடிந்தது. பொருள் கையில் இருக்கிறது, ஒலியின் ஓரமும் கிடைக்கிறது, முழுதாக மட்டும் வரவில்லை.

கண்ணால் மட்டும் படித்த ஆங்கிலச் சொற்களுக்கு இங்கேதான் அடி விழுகிறது. எழுத்தில் நூறு முறை பார்த்திருப்போம், ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டோம். அதன் ஒலிவடிவம் நம்மிடம் இருந்தால்தானே வரும்? ஆங்கிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சொல்லின் ஏதோ ஓர் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். இதுதான் ‘ஸ்ட்ரெஸ்’. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ‘ஃபொடாக்ரஃபி’ என்றானதும் அது இரண்டாவதுக்குப் போகிறது. ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதுக்கு. தமிழில் அழுத்தம் மாறினால் சொல் மாறாது, அதனால் நம் காது இதைக் கவனிப்பதே இல்லை. அழுத்தம் தவறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகலாம், அது எவ்வளவு உயர்ந்த சொல்லாக இருந்தாலும் சரி.

சொற்கள் தனியாக வருவதில்லை

சரி, சொல் நேரத்துக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, அது யாரோடு வர வேண்டும்?

ஆங்கிலத்தில் மழை பலமாகப் பெய்தால் ‘ஹெவி ரெயின்’. காற்று பலமாக அடித்தால் ‘ஸ்ட்ராங் விண்ட்’. மாற்றிச் சொன்னாலும் புரியும், ஆனால் கேட்பவர் காதில் உறுத்தும். இப்படிப் பழக்கத்தால் சேர்ந்தே வரும் சொற்களின் இணைக்கு ‘கொலொகேஷன்’ என்று பெயர். இதற்குத் தர்க்கம் கிடையாது. ‘மேக் எ மிஸ்டேக்’ என்றால் சரி, ‘டூ எ மிஸ்டேக்’ என்றால் தவறு. ஆனால் ‘டூ ஹோம்வொர்க்’தான் சரி, ‘மேக் ஹோம்வொர்க்’ கிடையாது. தமிழில் தவறும் ‘செய்கிறோம்’, வீட்டுப்பாடமும் ‘செய்கிறோம்’. ஒரே வினை இரண்டுக்கும் போதுமானதாக இருக்கும்போது ஆங்கிலத்தின் இந்தப் பிரிவினை நமக்கு எப்படித் தோன்றும்?

அதேபோல், தமிழில் ‘சந்தேகம் கேட்கிறோம்’. அதை அப்படியே தூக்கி ‘ஆஸ்க் எ டவுட்’ என்றால், வெளிநாட்டு ஆங்கிலக் காதுக்கு ஒரு நொடி குழப்பம் வரும். அவர்கள் ‘ஆஸ்க் எ கொஸ்டின்’ என்பார்கள். ‘பொய் சொன்னான்’ என்பதற்கு ‘டோல்ட் எ லை’, ‘செட் எ லை’ அல்ல. இதில் ஒரு சொல்லாவது கடினமானதா? எல்லாமே தொடக்க வகுப்புச் சொற்கள். ஆனாலும் இவற்றில் தடுமாறாமல் பேசுகிறவரைத்தான் நாம் ‘அட்வான்ஸ்டு’ என்று உணர்கிறோம். ஒரு சொல்லை அறிய அது யாரோடு சேர்கிறது என்று பார் என்ற பொருளில் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் சொன்ன வாக்கியம் இன்றைக்கும் இந்தத் துறையில் மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. சொற்களை இணையாகக் கற்றால் எடுப்பதும் எளிது. ‘டிசிஷன்’ என்ற சொல்லைத் தனியாகத் தேடி, பிறகு அதற்கு வினை தேடி, பிறகு அடைமொழி தேடினால் மூன்று தேடல். ‘மேக் எ டஃப் டிசிஷன்’ என்று மொத்தமாக இருந்தால் ஒரே தேடல். மேலே சொன்ன நேர நெருக்கடியில் இது பெரிய சேமிப்பு.

ஒரே வேலைக்கு மூன்று சொற்கள்

1066இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதன்பிறகு சில நூற்றாண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. திருச்சபையிலும் கல்வியிலும் லத்தீன் இருந்தது. சாதாரண மக்கள் ஆங்கிலம் பேசினார்கள். மூன்றும் கலந்ததால் ஒரே கருத்துக்கு அடுக்கடுக்காகச் சொற்கள் சேர்ந்தன. ‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலம், ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழி வந்தது, ‘இன்டெராகேட்’ லத்தீன். மூன்றும் கேட்பதுதான். ஆனால் நண்பரிடம் வழி ‘ஆஸ்க்’ செய்யலாம், ‘இன்டெராகேட்’ செய்தால் அவரைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும்.

யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறோம் என்பதற்கேற்ப மொழி மாறும் இந்தத் தன்மைக்கு ‘ரெஜிஸ்டர்’ என்று பெயர். தமிழில் நாம் இதை யோசிக்காமலே செய்கிறோம். மேடையில் பேசும் தமிழை வீட்டில் பேசினால் சிரிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில்தான் அந்தக் கூச்சம் நமக்கு இல்லை. பாடப்புத்தகத்தின் வழியாக உள்ளே வந்ததால், நம் ஆங்கிலம் எழுத்து மொழிப் பக்கமே சாய்ந்திருக்கிறது. ‘போஸ்ட்போன்’ தெரியும், ‘புட் ஆஃப்’ வராது. ‘இன்வெஸ்டிகேட்’ தெரியும், ‘லுக் இன்டு’ வராது. ‘டாலரேட்’ தெரியும், ‘புட் அப் வித்’ என்றால் விழிப்போம்.

வினையோடு ஒன்றிரண்டு சிறு சொற்கள் ஒட்டிப் புதுப்பொருள் தரும் இந்த வகைக்கு ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்று பெயர். ‘டேக்’ என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டேக் ஓவர்’ என்றால் பொறுப்பைக் கையில் எடுப்பது. ‘டேக் ஆன்’ என்றால் புதிதாக ஒரு வேலையை ஏற்பது. ‘டேக் பேக்’ என்றால் சொன்னதைத் திரும்பப் பெறுவது. ‘டேக் இன்’ என்றால் சொன்னதை உள்வாங்குவது, சில இடங்களில் ஏமாற்றுவது என்றும் வரும். இவை ஒவ்வொன்றும் கூட்டங்களில் தினமும் காதில் விழக்கூடியவை. என்னைக் கேட்டால், பேச்சுக்கு நூறு லத்தீன் சொற்களைவிட முப்பது ஃப்ரேஸல் வெர்ப்புகள் அதிகம் பயன்படும். கடினமாகத் தெரியாததால் அவை அவ்வளவாகக் கவனம் பெறுவதில்லை, அவ்வளவுதான்.

பெரிய சொற்களைத் தேவையில்லாமல் போட்டால் அறிவாளியாகத் தெரிவோம் என்ற நம்பிக்கையும் சோதனைக்கு நிற்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் ஆப்பன்ஹைமர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கருத்தைக் கடினச் சொற்களாலும் எளிய சொற்களாலும் எழுதிப் படிக்கக் கொடுத்தார். தேவையின்றிக் கடினமாக எழுதியவரைப் படித்தவர்கள் குறைந்த அறிவுள்ளவராகவே மதிப்பிட்டார்கள். அது எழுத்தைப் பற்றிய ஆய்வு. பேச்சிலோ கேட்பவருக்குத் திரும்பிப் போய்ப் படிக்கும் வசதிகூடக் கிடையாது.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன பட்டியலுக்கு வருவோம். ‘எக்ஸ்டேட்டிக்’ என்றால் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ‘இந்த அறிக்கையைச் சமர்ப்பிப்பதில் மகிழ்ச்சி’ என்ற இடத்தில் அதைப் போட்டால், அறிக்கையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எதிரில் இருப்பவர் யோசிப்பார். ‘தின்’, ‘ஸ்லிம்’, ‘ஸ்கின்னி’ மூன்றும் ஒல்லிதான். ‘ஸ்லிம்’ பாராட்டு, ‘ஸ்கின்னி’ பல நேரம் குறை, ‘தின்’ நடுவில் நிற்கிறது. பட்டியல் இவற்றுக்கு நடுவே ஒரு சமக்குறி போட்டுவிடுகிறது. சி2 நிலையில் கேட்கிற ‘நுட்பமான வேறுபாடு’ அந்த சமக்குறியை அழிப்பதில்தான் இருக்கிறது.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: சொல்லின் ஒலி, அதன் துணைச் சொற்கள், அது புழங்கும் இடம். இவை இல்லாமல் பொருள் மட்டும் தெரிந்தால் படிக்க உதவும், பேச உதவாது.

உரையாடலை ஓட்டும் சிறு தொடர்கள்

நன்றாகப் பேசுகிறவர்களின் ஆங்கிலத்தைக் கவனித்தால், கருத்துக்கு இடையிடையே சில தொடர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். முழு உறுதி இல்லாதபோது ‘ஐ’ட் சே’, ‘அஸ் ஃபார் அஸ் ஐ நோ’. பாதி ஒத்துக்கொள்ளும்போது ‘டு சம் எக்ஸ்டென்ட்’. சொன்னது சரியாகப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் ‘வாட் ஐ மீன் இஸ்’. ‘இட் டிபெண்ட்ஸ் ஆன்’ என்ற ஒன்று மட்டும் இருந்தாலே பல கேள்விகளுக்கு முதல் இரண்டு நொடி கிடைத்துவிடும்.

இவை அலங்காரத்துக்கு இல்லை. கருத்தின் உறுதியை அளந்து காட்டுகின்றன, அடுத்த சொல்லைத் தேட நேரமும் வாங்கித் தருகின்றன. ‘யூ ஆர் ராங்’ என்பதற்கும் ‘ஐ’ம் நாட் ஷுவர் ஐ அக்ரீ’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு வேலை உறவே நிற்கலாம், முறியலாம்.

சொல்லே தெரியாதபோது சுற்றிச் சொல்வதும் இந்த வகைத் திறமைதான். ‘ஸ்டேப்ளர்’ என்ற சொல் வரவில்லையா? ‘தி திங் யூ யூஸ் டு பின் பேப்பர்ஸ் டுகெதர்’. முடிந்தது. பலர் இதைத் தோல்வி என்று நினைத்து அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுத் தேர்வில் சொல்வளத்துக்கான அளவுகோலில் இப்படி மாற்றிச் சொல்லும் திறனும் கணக்கில் வருகிறது. அந்தத் தேர்வில் சொல்வளத்துக்கு மொத்தம் கால் பங்கு மதிப்பெண். மீதி மூன்று கால் பங்கும் சரளத்துக்கும் கோவைக்கும், இலக்கணத்துக்கும், உச்சரிப்புக்கும் போகிறது.

படித்ததை வாய்க்குக் கொண்டுவருவது

பாஸிவ் பக்கத்திலிருந்து ஒரு சொல்லை ஆக்டிவ் பக்கத்துக்கு நகர்த்த, அதை மீண்டும் மீண்டும் பார்ப்பது அதிகம் உதவாது. மறைத்துவைத்து, நினைவிலிருந்து எடுக்க முயல வேண்டும். அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் தெளிவாக முந்திவிட்டார்கள். திரும்பப் படிப்பது ‘தெரியும்’ என்ற உணர்வைத்தான் வேகமாகத் தருகிறது. அந்த உணர்வு நம்பகமானதல்ல.

முயற்சிகளுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டிவிட்டார். அதனால் இன்று, நாளை, நான்கு நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது நல்லது. ஒரே இரவில் இருபது முறை சொல்லிப் பார்ப்பதைவிட இது குறைந்த உழைப்பு.

எழுதிவைக்கும்போது சொல்லைத் தனியாக எழுத வேண்டாம். அதன் துணையோடு, உங்கள் வேலையில் நீங்கள் உண்மையில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியமாக எழுதுங்கள். ‘டெட்லைன்’ என்பதற்குப் பதில் ‘வீ மைட் மிஸ் தி டெட்லைன்’ என்று. அப்புறம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அகராதிச் செயலியில் உச்சரிப்பைக் கேட்டு, எந்த அசை அழுத்தமாக வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வேகத்துக்கு ஆங்கில ஆசிரியர்கள் பயன்படுத்தும் ‘4/3/2’ என்ற பயிற்சி எனக்குப் பிடித்தது. ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவரிடம் நான்கு நிமிடம் பேச வேண்டும். அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாமவரிடம் இரண்டே நிமிடத்தில். என்ன சொல்வது என்ற யோசனை முதல் சுற்றிலேயே முடிந்துவிடுவதால், அடுத்த சுற்றுகளில் கவனம் முழுவதும் சொல் தேர்வுக்குப் போகிறது. கேட்க ஆள் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளலாம். பதிவைத் திரும்பக் கேட்டால் எந்த இடத்தில் நின்றோம், எந்தச் சொல்லுக்குப் பதிலாக ‘நைஸ்’ போட்டோம் என்பது தெரியும். அடுத்து கற்க வேண்டிய சொல் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பட்டியலை வேறு யாரும் உங்களுக்காகத் தயாரித்துத் தர முடியாது.

எல்லாச் சொல்லையும் இப்படி வாய்க்குக் கொண்டுவர வேண்டியதில்லை. ஒப்பந்தங்களில் வரும் ‘இன்டெம்னிஃபை’ போன்றவற்றை, சட்டத் துறையில் இல்லாத ஒருவர் பார்த்ததும் புரிந்துகொண்டால் போதும். வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் அதைச் சொல்ல நேராமல் போகலாம். நாளிதழில் படித்தால் மட்டும் எதிர்ப்படுகிற சொற்களும் அப்படித்தான், அவை பாஸிவ் பக்கத்திலேயே இருக்கட்டும்.